புத்தூர் வெல்லமும் நான் வெட்டிய வரிகளும்

புத்தூர் நிருபர் முனிரத்தினம் காலமான செய்தி, சென்ற வாரம் அவர் மகள் எழுதிய தபால் கார்டில் வந்தது. மூன்றே வரி. அவர் எங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய செய்திகள் ஒருநாளும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. அதற்காக அவரைக் கேலி செய்திருக்கிறேன். இன்று நினைத்தால் மனம் கூசுகிறது.

அவரை அறிந்த புத்தூர்க்காரர்கள் பலருக்கு அவர்மீது ஒரு பழைய கோபம் உண்டு. இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, புத்தூர்ப் பக்கத்து எல்லை மட்டும் முடிவாகாமல் இழுபறியில் கிடந்த காலம். ஒரு மார்கழியில் புயல் அடித்தது. ஊரெங்கும் பொங்கலுக்காக வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். ஆற்றோரத்துக் கரும்பாலைக் கொட்டகைகள் சில சரிந்து, அவற்றில் இருந்த வெல்லம் நனைந்து பாழாயிற்று. தந்திக் கம்பங்கள் சாய்ந்து, புத்தூர் வழி ரயிலும் நின்றுவிட்டதால், முனிரத்தினம் ரேணிகுண்டா வரை நடந்தே போய், சென்னைக்கு ரயிலேறிய ஒருவரிடம் செய்தியைக் கொடுத்தனுப்பினார். முழுதாக மூன்று பக்கம்.

செய்தி மேசையில் அன்று நான் இருந்தேன். பக்கம் முழுக்க எல்லைக் கூட்டங்களும் தலைவர்களின் அறிக்கைகளும். மிஞ்சியது ஒரு மூலை. முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். ‘புயலில் புத்தூர் வெல்லம் நாசம்’ என்று தலைப்புப் போட்டதும் நானே.

அதன் பிறகு சென்னை மண்டிகள் புத்தூர் வெல்லம் என்றாலே வேண்டாம் என்றன. மேட்டு ஊர்களின் நல்ல வெல்லமும் மூட்டையோடு திரும்பிப் போயிற்று. நேரில் பார்த்துவர ஆசிரியர் என்னை அனுப்பினார். முனிரத்தினத்தோடு போன மேட்டு ஊர் ஒன்றில், சொந்தமாக ஆலை வைத்திருந்த முனியம்மா எங்களை வழிமறித்து, அவரைப் பார்த்துக் கேட்டார்.

“வெல்லமே நாசம்னு பேப்பர்ல போட்டுட்டியே நைனா. எங்க கொட்டாய்ல ஒரு சொட்டு தண்ணி பூந்துச்சா? பொங்கலுக்கு எம்புள்ளைங்க எத்தத் துன்னும்?”

முனிரத்தினம் என் பக்கம் திரும்பவே இல்லை. “என் தப்புதாம்மா. சரியா எழுதாம உட்டுட்டேன்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“என்னைத் திட்டிக்கினு போனா போவட்டும் சார். பேப்பர் மேலயே நம்பிக்கை போய்ட்டா, நாளைக்கு ஏரி ஒடையுதுன்னு எழுதினாகூட எவன் நம்புவான்?” சற்று தூரம் நடந்த பிறகு, “கடைசி வரைக்கும் படிச்சிட்டு வெட்டுங்க சார்” என்றார். என்னைக் கடிந்து அவர் சொன்னது அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த பிறகே திருத்தம் வெளிவந்தது. அதற்குள் முனியம்மா ஆலை மாடுகளை விற்றிருந்தார். மறுவருஷம் அந்தக் கொட்டகையில் அடுப்பு எரியவில்லை. எல்லைத் தகராறு தீர்ந்த பிறகும், முனிரத்தினத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டென்று கேள்விப்பட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. பயம் போன பிறகும் திறக்கவில்லை.

அந்த மூன்று பக்கங்களும் என்னிடம் இருக்கின்றன. நான் வெட்டிய கடைசி வரிகளை, அவர் எழுதியபடியே இப்போது அச்சுக்குக் கொடுக்கிறேன்:

“மேட்டு ஊர்களில் ஒரு கொட்டகையும் நனையவில்லை. அங்குள்ள வெல்லம் நன்றாகவே இருக்கிறது. நானே தின்று பார்த்தேன். சென்னை வியாபாரிகள் பயமின்றி வாங்கலாம்.”