அஜக்ஸில் பாதியில் நின்ற அறை

ரொறொன்ரோவின் கிழக்குக் கரையில் உள்ள மோர்னிங்சைட்டில் இருந்து அஜக்ஸுக்கு இருபது கிலோமீற்றர் வரும். 401 நெடுஞ்சாலை மனம் வைத்தால் கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். வீடு மலிவு என்று எங்கள் சனம் குடிபெயரும் ஊர் அது. அங்கே போய்வந்து பயணக் கட்டுரை எழுதியவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. நானும் எழுதுவதாக இருக்கவில்லை. என் நோக்கம் எல்லாம் பிறைற்றனுக்கு அருகே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ஒரு பூங்காதான். அது எங்கள் வீட்டிலிருந்து நூற்றிமுப்பது கிலோமீற்றர். ஆனால் இந்தப் பயணத்தில் நடக்கவேண்டியது முக்கால்வாசியும் அஜக்ஸிலேயே நடந்து முடிந்துவிட்டது.

யூலை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஒன்பது மணியளவில் புறப்பட்டோம். வண்டி பழைய மோட்டர் ஹோம். படுக்கை, சமையலடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். பீற்றர்பரோவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் வாங்கினேன். என் மனைவி வசந்திக்குக் கால்கள் பலமிழந்து, சக்கர நாற்காலியோடு ஐந்து வருடமாகிறது. வண்டியை விற்ற மனிதரின் மனைவிக்கும் அதே நிலைமை. அதனால் வாசலில் நாற்காலியை ஏற்றி இறக்கும் லிப்ற் முன்பே பொருத்தியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் ஒரு பக்கச் சுவர், சோபாவும் மேசையுமாக, அப்படியே வெளியே நகரும். ஸ்லைட் அவுட் என்பார்கள். எங்கள் ஆட்கள் சுருக்கி ஸ்லைட் என்கிறார்கள். அறை உள்ளே இருக்கும்போது நடுவழியில் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் போகலாம். வெளியே போனால் சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும், கழிப்பறை வரைக்கும் போகும். மற்றவர்களுக்கு அது சொகுசு. எங்களுக்கு அது இல்லாவிட்டால் வண்டியே இல்லை.

ஐந்து வருடத்தில் வசந்தி வேறெந்த வீட்டிலும் ஓர் இரவு தங்கவில்லை. கூப்பிடாத சொந்தம் இல்லை. ஆனால் இங்கே எல்லா வீட்டிலும் வாசலில் படி, கழிப்பறை மாடியில். "அதுக்கென்ன, நாங்கள் தூக்குவம்" என்பார்கள். தூக்குவதற்கு எல்லோரும் தயாராக இருந்ததுதான் அவளுக்குப் பிரச்சினை. ஒரு கலியாண வீட்டில் நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினார்கள். படம் வேறு எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கும் வர மறுத்தாள். இந்தப் பயணத்துக்கும் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்.

"ஒருத்தரும் என்னைத் தூக்கக்கூடாது. தூக்கிற நிலைமை வந்தால் நான் வீட்டை திரும்பிடுவன். நீங்கள் வண்டியை வித்துப்போடோணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன பயம்? வண்டியை விற்ற மனிதர் அறையைப் பராமரிக்கும் முறையெல்லாம் அரைநாள் சொல்லித் தந்திருந்தார். அறையைத் திறக்க முன்னர் வண்டியைச் சமமாக நிறுத்தவேண்டும். பற்றறி நிறைந்திருக்கவேண்டும். கீழே இருக்கும் பல்வைத்த தண்டவாளங்களைத் தூசி, சருகு இல்லாமல் தூரிகையால் துடைக்கவேண்டும். அதற்கு எண்ணெய் பூசவே கூடாது, மண் ஒட்டும். சுற்றியிருக்கும் றப்பருக்கு மட்டும் சிலிக்கன் தெளிக்கலாம். இதையெல்லாம் நான் மனப்பாடமாகக் கற்று, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு முன்பே அஜக்ஸ். வசந்தியின் தங்கை நந்தினி வீடு அங்கே. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டளை. மட்டன் ரோலும் இடியப்பமும் காத்திருந்தன. வீட்டு வாசலில் மூன்று படி, ஆகவே சாப்பாடு வண்டிக்கு வந்தது. நான் வண்டியைச் சமப்படுத்தி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பொத்தானை அழுத்தினேன். அறை மெல்ல வெளியே போனது. எதிர்வீட்டு ஆள் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர் பார்க்கவேண்டும் என்றுதான் நான் அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

நந்தினியும் அவள் கணவன் சிவநேசனும் உள்ளே வந்து, சோபாவில் அமர்ந்து, ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து பார்த்தார்கள். வசந்தி நடுவில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. அதை நான் நெடுநாளாகக் காணவில்லை.

பிரச்சினை புறப்படும்போது வந்தது. எங்களுக்குப் புது வண்டி, தூரப் பயணம், தேங்காய் உடைக்காமல் போகலாமா? சிவநேசன் தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயோடு வந்தார். எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். வசந்தியும் லிப்ற்றில் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். கனடாவில் தேங்காயைப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து உடைப்பதுதான் நாகரிகம். பிறகு பொறுக்கவேண்டியதில்லை, அயலவரும் முறைக்கமாட்டார்கள். நந்தினி பையை நீட்டினாள்.

"பையுக்குள்ள உடைச்சால் அது உடைச்ச மாதிரியே?" என்றார் சிவநேசன். "சிதறோணுமப்பா. சிதறினால்தான் தேங்காய்."

சிதறியது. வண்டி நின்ற டிரைவ்வே முழுவதும் தெறித்தது. எல்லோருக்கும் திருப்தி. நான் வண்டியில் ஏறி, அறையை உள்ளே எடுக்கப் பொத்தானை அழுத்தினேன்.

அறை ஒரு முழம் போனது. கடக் என்று ஒரு சத்தம். பிறகு மோட்டர் முனகியது, அறை நின்றது. நான் திரும்பவும் அழுத்தினேன். பிறகும் அழுத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பொத்தான்களை அழுத்துவேன், இது மாடிக் கட்டிடங்களின் லிப்ற் வாசலிலும் உள்ள பழக்கம். இறங்கிப் பார்த்தால் அறை கோணலாக நிற்கிறது. வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. இப்படி வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. சோபா நடுவழியை அடைத்துவிட்டதால் நாற்காலி கழிப்பறைக்குப் போகவும் முடியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். சிவநேசன் பியூஸ் என்றார். எதிர்வீட்டுக்காரர் வந்து பற்றறி என்றார். நான் மோட்டர் எரிந்துவிட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். கடைசியில் நந்தினி எங்கோ விசாரித்து, ரவி என்பவரின் தொலைபேசி இலக்கத்தை எடுத்தாள். மட்டக்களப்புக்காரர், லொறி, பஸ் திருத்துபவர். ஸ்லைட் வேலையும் செய்திருக்கிறாராம். மத்தியானத்துக்குப் பிறகுதான் வரமுடியும் என்றார்.

காத்திருந்தோம். நந்தினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வசந்தி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலையும் தொடவில்லை. வெய்யில் சுட்டுக்கொண்டிருந்தது. குடிக்கச் சொல்லி வற்புறுத்த வாயெடுத்தபோதுதான் காரணம் உறைத்தது. குடித்தால் போகவேண்டும். போவதற்கு இடம் நந்தினி வீட்டு மாடியில். வழி, தூக்குவது மட்டுமே.

சிவநேசனுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். நல்ல மனிதர், மனதில் வைத்திருக்கத் தெரியாது. "அக்கா, ரெண்டு நிமிச வேலை. நானும் அண்ணையும் பிடிச்சால் மேல கொண்டுபோய் விட்டிடுவம்."

வசந்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ரவி வாறாரோ இல்லையோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டி வீல்செயார் ராக்சி ஒண்டைக் கூப்பிடுங்கோ. நான் வீட்டை போறன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் ராக்சியில் ஏறினால் இனி எங்கும் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். காலை முழுவதும் அந்தக் குறும்பைப் பார்த்து மகிழ்ந்தவன், இப்போது ஒரு பொத்தானை அழுத்தி நானே அதைத் துடைத்துவிட்டேன்.

ரவி வந்தபோது இரண்டு மணியிருக்கும். நாற்பது வயது மதிக்கலாம், வாய் ஓயாது. பியூஸைப் பார்த்தார், நல்லது. பற்றறியை அளந்தார், நல்லது.

"மோட்டர்தான் அண்ணன், சந்தேகமே இல்ல. கழட்டத்தான் வேணும். திங்கட்கிழமை புதுசு எடுத்துப் போடுவம்."

என் தீர்ப்பை இன்னொருவர் சொல்லக் கேட்டதும் எனக்கு அற்ப சந்தோசம் ஒன்று வந்தது. உடனே திங்கட்கிழமை என்ற சொல் அதை விழுங்கிவிட்டது. ரவி மோட்டர் இருக்கும் பின்பக்கத்தில் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு, பொத்தானைத் தொட்டுத் தொட்டு விடச் சொன்னார். நான் தொட்டுத் தொட்டு விட்டேன்.

"தம்பி ரவி," என்றாள் வசந்தி. "பின்பக்கம்தான் அசையுது. முன்பக்கம் நிண்ட இடத்திலயே நிக்குது."

"நீர் கொஞ்சம் பேசாம இரும், அவர் பாக்கட்டும்," என்றேன் நான்.

"நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். ஒவ்வொருக்கா நீங்கள் அமத்தேக்கையும் பின்மூலை துடிக்குது, முன்மூலை துடிக்கேல்லை. முன்னுக்கு அந்தப் பல்லுக்குள்ள ஏதோ மண்ணிறமாக் கிடக்கு."

நின்றுகொண்டிருந்த எங்களுக்குச் சுவர் தெரிந்தது. படுத்திருந்த ரவிக்கு மோட்டர் தெரிந்தது. அறையின் அடிப்பாகமும் தண்டவாளமும் நேராகத் தெரியும் உயரத்தில் அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான். மூன்று மணித்தியாலமாக அதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறாள்.

ரவி முன்பக்கம் ஊர்ந்து போனார். பிறகு குறட்டால் எதையோ நெம்பி எடுத்து, வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தார். தேங்காய்ச் சிரட்டை. விரல் நுனி அளவுதான். தண்டவாளத்தின் பல்லில் செருகி, அறையின் முன்பக்கத்தை மறித்திருக்கிறது. பின்பக்கம் தன்பாட்டில் போக, அறை கோணலாகி இறுகிவிட்டது. நான் மேலும் மேலும் அழுத்தியது அதை நன்றாகவே இறுக்கியிருக்கிறது.

எல்லோரும் சிவநேசனைப் பார்த்தோம்.

"தேங்காய் நல்லாத்தானே உடைஞ்சது அண்ணை," என்றார் அவர், மெல்ல.

"உடைச்சதில பிழையில்ல," என்றார் ரவி. "அறையை உள்ளுக்கு எடுத்துப்போட்டு உடைச்சிருக்கோணும். மறுகா என்ன, அக்கா சொல்லாட்டி நானும் மோட்டரைக் கழட்டித்தான் இருப்பன்."

திருத்த அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் தண்டைக் கழற்றி, பிந்திய முன்பக்கத்தைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி மற்றதோடு சமத்துக்குக் கொண்டுவந்தார். அளவு நாடாவை நான் பிடித்தேன். இரண்டு மூலையும் ஒரே அளவு காட்டியதும் தண்டைத் திரும்பப் பூட்டினார். தண்டவாளம் முழுவதையும் தூரிகையால் துடைத்தோம். இன்னும் இரண்டு சிரட்டைத் துண்டுகள் வந்தன. சிவநேசன் டிரைவ்வேயைக் குனிந்து குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

நான் பொத்தானுக்குப் போக, வசந்தி "நில்லுங்கோ" என்றாள். லிப்ற்றில் ஏறி, வாசலடியில் நாற்காலியை நிறுத்தி, அவளே அழுத்தினாள். அறை நேராக, முனகாமல், முழுவதும் வெளியே போனது. ரவி கீழே இருந்து, "சரி அக்கா" என்றார்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். நடுவழியால் போனாள். கழிப்பறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினாள். பூட்டும் சத்தம் கேட்டது.

நான் வழக்கம்போல் பின்னால் போயிருந்தேன். கதவு என் மூக்குக்கு முன்னால் மூடியது. ஐந்து வருடத்தில் அவள் என்னை வெளியே விட்டுக் கதவு பூட்டியது அதுதான் முதல்முறை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அத்தான், அக்காவுக்கு உதவி வேண்டாமோ?" நந்தினி வாசலில் இருந்து கேட்டாள்.

"கூப்பிடேல்லை," என்றேன்.

வெளியே வந்தவள் நந்தினியிடம் தேத்தண்ணி கேட்டாள். இரண்டு கோப்பை குடித்தாள்.

பிறைற்றனுக்குப் பொழுதுபட முன்னர் போய்ச் சேர்ந்தோம். ஏரியைப் பற்றி அழகாக எழுதலாம், எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. மூன்று நாளும் அறையைத் திறக்கும் பொறுப்பை வசந்தி எடுத்துக்கொண்டாள். நான் வெளியே நின்று தண்டவாளத்தைத் துடைத்து, "சரி" என்று குரல் கொடுப்பவன். காலையில் நான் எழும்ப முன்னரே தேத்தண்ணி வைத்திருந்தாள். நான் விழித்ததும் எழும்பி அவளைத் தாங்கிப் பிடிக்க ஓடினேன். பிடிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வேலை போனவனைப் போலவும் இருந்தது.

செவ்வாய் பின்னேரம் அறையை உள்ளே எடுத்து, 401 ஏறி, அஜக்ஸில் நிறுத்தாமல் மோர்னிங்சைட் வந்தோம். எங்கள் வீடு தரைவீடு, வண்டியைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பைகளை இறக்கிவிட்டு, அவள் நாற்காலியை நடைவழியால் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் நடைவழி ஒடுக்கம், அதில் நாற்காலி திரும்பாது. அறையிலிருந்து வெளியே வருவதென்றால் நான்தான் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வரவேண்டும். தினமும் அப்படித்தான். அன்றும் உடுப்பு மாற்றியதும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லுங்கோ," என்றாள்.

நின்றேன்.

"நீங்கள் இழுக்கேக்கை நான் போற இடம் எனக்குத் தெரியிறேல்லை. விட்டிட்டுப் போற இடம்தான் தெரியுது. அஞ்சு வரிசமா அப்பிடித்தான்."

குறையாகச் சொல்லவில்லை. ஏரியில் அலை அதிகம் என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கியது. நல்லவேளை, நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

கையை எடுத்துவிட்டு நடைவழிச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தது. வசந்தி கழுத்தைத் திருப்பி, "என்ன செய்யிறியள்?" என்றாள்.

"இதை எவ்வளவு தூரம் தள்ளலாம் எண்டு பாக்கிறன்," என்றேன்.