உப்பு மலைக்குப் பின்னால்

நாத்தனாராகப் பிறந்தவளுக்குக் குறை சொல்வது பிறப்புரிமை. எனக்கு அண்ணியாக வாய்த்தவரிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. அவர் சமைப்பது எதிலும் உப்பு இருக்காது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தினமும் குத்துவேன். "நாள் பூரா உப்போட மல்லுக்கட்டிட்டு வர்றேன், வீட்டிலயுமா?" என்பார்.

அது உண்மைதான். ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அங்கேயே வாசல் மேஜையில் தட்டச்சு செய்வது நான். நீரில் கரைந்திருப்பதைப் பிரித்துத் திரையில் மேடுமேடாகக் காட்டும் அயன் குரோமட்டோகிராஃபி எந்திரம் அவர் பொறுப்பு. வெறுங்கையால் குப்பியைத் தொட்டால் தொலைந்தோம். வியர்வை உப்பு ஒட்டிவிடுமாம்!

ஒரு சாயப்பட்டறை நீரில் நைட்ரைட் என்னும் நஞ்சு இருப்பதாக அண்ணி அறிக்கை கொடுத்தார். பட்டறை மேலாளர் வந்து தாம்தூம் என்று குதித்தார். எங்கள் முதலாளி, "திரும்ப சோதிங்கம்மா. இந்தத் தடவை நைட்ரைட் வரலேன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணி இல்லாத கூடத்தில் நான் யாரைக் குறை சொல்வேன்?

மேலாளர் பட்டறை நீரைப் புது பாட்டிலில் தானே கொண்டுவந்தார். திரையில் உப்பிலிருக்கும் குளோரைடு மலையாக எழுந்தது. அதையடுத்து வரவேண்டிய நைட்ரைட்டைக் காணோம். மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அண்ணி முதல் சோதனையின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. உப்பு மட்டும் ரெட்டிப்பு. வர்ற வழியில யாராச்சும் ஒரு பிடி போட்டாங்களா சார்?"

பதிலுக்குக் காத்திராமல், வெள்ளி அடைத்த சிறு வடிகுழாயை ஒன்றுக்கு இரண்டாக மாட்டி நீரைச் செலுத்தினார். குளோரைடு வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. திரையில் மலை கரைந்தது. அதன் பின்னால் பதுங்கியிருந்த நைட்ரைட், எலிக்குட்டி மாதிரி தலையை நீட்டியது.

"அது உங்க குழாய்லேர்ந்து வந்திருக்கும்" என்றார் மேலாளர்.

அண்ணி சுத்தமான நீரையும் அதே வகைக் குழாய் வழியே விட்டுக் காட்டினார். எலி வரவில்லை.

மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "குப்பிமேல சொட்டிடாதீங்க சார்" என்று அண்ணி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "குடிங்க. உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?"

"அறிக்கை அப்படியே போகட்டும்மா" என்றார் முதலாளி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றும் வீட்டில் சாப்பாட்டில் உப்பில்லை. அண்ணன் முதல் கவளத்திலேயே, "உப்பில்லாப் பண்டம்..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடிட்டு சாப்பிடுடா" என்றேன்.