ஆமையும் சுத்தபோசனமும்

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. அதைச் சுத்தபோசனம் என்போம். மீன் தின்னலாம். திருகோணமலையில் இருந்துகொண்டு மீன் தின்பது என்ன ஒறுத்தல் என்று யாரும் கேட்டதில்லை.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, கொட்டியாரக்குடாவில் மாமா போட்ட வலையில் ஆமை ஒன்று மாட்டியது. மாமா அம்மாவின் தம்பி. பாலையூற்றில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. ஆமை பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. வலையில் வந்தாலும் திரும்பக் கடலில் விட வேண்டுமாம். அகப்பட்டால் வள்ளமும் வலையும் பறிபோகுமாம்.

"நான் பிடிக்கேல்லை, அதுவா வந்து மாட்டினது" என்றார் மாமா. மாமி மிளகாய் அரைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி வந்தது. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சட்டமெல்லாம் தெரியாது. கறியோ மாட்டிறைச்சி மாதிரிக் கிடந்தது. சுத்தபோசன நாளில் இறைச்சி தின்றுவிட்டோம், அதனால்தான் மாமா ஒளிக்கிறார் என்று முடிவுகட்டினேன். மாமா நரகத்துக்குப் போய்விடுவாரே என்று எனக்கு ஒரே பயம். சனிக்கிழமை கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுவாமியார், "ஆமை கடல் சீவன்தானே பிள்ளை, அதில பாவமில்லை" என்றார்.

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் மாமா பொலிஸ் சார்ஜன்டுடன் கதைத்துக்கொண்டு நின்றார். சார்ஜன்டும் எங்கள் கோயில் பங்கு ஆள்தான். நல்ல செய்தியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்தேன்.

"மாமா, பயப்படாதேங்கோ! வெள்ளிக்கிழமை ஆமை திண்டது பாவமில்லையாம், சுவாமியார் சொன்னவர்!"

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சார்ஜன்ட் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். "பிறகு ஒருக்கா வீட்ட வாறன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தரம், வலையில் வந்த நல்ல பாரை மீனை ஓலைப்பையில் போட்டு, சார்ஜன்ட் வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். மாமாவின் பிள்ளைகள் கருவாட்டுக் குழம்போடு சோறு தின்றார்கள். தபசு காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் போயிற்று. மீன் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் சார்ஜன்டின் மனைவி பையை வாங்கிக்கொண்டு, "உங்கட மாமா மாதிரித் தாராள மனசு ஒருத்தருக்கும் இல்லை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிவந்து மாமியிடம் ஒப்புவித்தேன். மாமி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமாவை மட்டும் புகழ்ந்தது மாமிக்குக் கோபம் போலும் என்று நினைத்தேன். அடுத்த தரம் மீன் கொண்டுபோனபோது, மாமியைப் பற்றியும் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கோ என்று சார்ஜன்டின் மனைவியிடம் நானே கேட்டேன்.