கோழிக் கொட்டகையில் சாணி கேஸ்

அரையாண்டு லீவு விட்டதும் அப்பா என்னை அரியலூரிலிருந்து பாடாலூருக்குக் கூட்டிப்போய், அம்மாவின் தம்பியான என் மாமா வீட்டில் விட்டுவிட்டு வருவார். நான் ஆறாவது படித்த வருடம் போனபோது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு புது அதிசயம் இருந்தது. கிணறு போல ஒரு சிமெண்ட் தொட்டி, அது நிறையச் சாணிக் கரைசல், அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம். சாணியிலிருந்து கேஸ் ஊற ஊற அந்த டிரம் தானாக மேலே எழும்பும் என்றார் மாமா. கேஸில் அடுப்பு எரியும், எஞ்சின் ஓடும், எஞ்சின் ஓடினால் கரண்டும் வருமாம்.

"அப்ப மாடு சாணி போட்டா லைட்டு எரியுமா மாமா?"

"எரியும் பாப்பா. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டா ஃபேனும் ஓடும்."

அதன்பிறகு எனக்கும் என் வயதேயான மாமா மகளுக்கும் வேறு விளையாட்டு தேவைப்படவில்லை. பல் விளக்குவதற்கு முன்பே ஓடிப்போய் டிரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்ப்போம். மாடு வாலைத் தூக்கினால் போதும், கூடையோடு போய் நிற்போம். முழங்கை வரை கையை விட்டுச் சாணி கரைப்போம். அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

அத்தைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "நான் கேட்டது கிரைண்டரு, இவரு கட்டிக் குடுத்தது சாணித் தொட்டி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அந்தக் குழாய் தன் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாமா மாட்டுக் கொட்டகை ஓரமாகவே அடுப்பை வைத்துப் பற்றவைத்துப் பார்த்தபோது, புஸ்ஸென்று வந்த காற்றில் தீக்குச்சிதான் அணைந்தது. முதலில் ஊறும் கேஸ் அப்படித்தான், அதை வெளியே விட்டுவிட்டால் அடுத்தது எரியும் என்று மாமா விளக்கினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அத்தைக்கென்று தனியாகக் கோழி வளர்ப்பு இருந்தது. பெரம்பலூரிலிருந்து அப்போதுதான் பெட்டி பெட்டியாக நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்திருந்தார். ஓலைக் கொட்டகைக்குள் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே சூட்டுக்காகக் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார். கோழிக்கெல்லாம் கரண்டு பில் கட்டுகிற ஒரே ஆள் என் பெண்டாட்டிதான் என்பது மாமாவின் பதிலடி.

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூடவே வாடைக்காற்று. பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டமாரென்று வெடித்து, ஊரே அணைந்தது. இனி நாளைக்குத்தான் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிய ஆரம்பித்தன. அடியில் மாட்டினால் நசுங்கிச் செத்துவிடும் என்று அத்தை பிரித்துப் பிரித்து விட்டார். விட விடக் குவிந்தன. நாங்கள் கொஞ்சத்தை அள்ளிப் பாவாடைக்குள் பொத்தி வைத்தோம். அங்கேயும் நடுங்கின. விறகு மூட்டலாம் என்றால் எல்லாம் நனைந்த விறகு. புகையிலேயே குஞ்சுகள் போய்விடும்.

அத்தை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "ஏங்க, அந்தச் சாணி கேஸு வருமா?"

மாமா தொட்டிப் பக்கம் ஓடினார். முதல் கேஸை வெளியே விட்டபிறகு டிரம் மறுபடி நன்றாக எழும்பி நின்றது. தோட்டத்து ஹோஸை எடுத்துக் கேஸ் குழாயில் மாட்டி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இணைப்பைச் சுற்றிக் கட்டி, மழையில் இழுத்துக்கொண்டு வந்தார். அத்தை தகர வட்டத்துக்கு நடுவில் அடுப்பை வைத்து, குஞ்சுகள் தீயில் விழாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்கினார். சூடு பரவுவதற்காகச் செங்கல்மேல் தன் தோசைக்கல்லையே கொண்டுவந்து வைத்தார்.

தீப்பெட்டியைக் கையில் எடுத்ததும் மாமாவின் குரல் மாறியது. "ரெண்டு பேரும் எதிர்த்த வூட்டுக்குப் போங்க."

"நாங்களும் பாக்குறோம் மாமா."

"போன்னு சொல்றேன்ல."

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அத்தையிடம் திரும்பி, "நீயும் போ" என்றார். அத்தை டார்ச் லைட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நீங்க பத்த வைங்க" என்றார்.

எதிர்வீட்டு வாசலில் நின்று நாங்கள் பொருமினோம். சாணி கரைத்தது நாங்கள், டிரம்மைப் பார்த்துப் பார்த்து வளர்த்தது நாங்கள். கேலி பண்ணிய அத்தைக்கு மட்டும் முன்வரிசையா? அதற்குள் ஓலை இடுக்கில் நீலமாக ஏதோ அசைந்தது. "எரியுது, எரியுது" என்று மாமா மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கூப்பிடும்வரை காத்திருக்காமல் ஓடினோம்.

புகையே இல்லாத நீலத் தீ சீராக எரிந்துகொண்டிருந்தது. சூடு பரவப் பரவ, குவிந்து கிடந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, இறகை உதறி, செங்கலைச் சுற்றிப் பரவிப் படுத்தன. நாங்கள் ஈரப் பாவாடையோடு குதித்தோம். அத்தை மாமாவின் தலையை முந்தானையால் துவட்டிவிட்டார். அடுத்த கோடையில் மாமா ஒரு பழைய எஞ்சினை அந்தக் கேஸில் ஓட்டிக் கொட்டகைக்குப் பல்பும் போட்டுவிட்டார்.

அடைத்த இடத்தில் கேஸும் காற்றும் கலந்து நின்றால் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்பதை நான் காலேஜில்தான் படித்தேன். அவசரத்தில் கட்டிய அந்த இணைப்பு எங்கே ஒழுகுகிறது என்று மாமாவுக்குத் தெரியாது. அதனால்தான் எங்களை அனுப்பினார். அத்தைக்கும் அது புரிந்துதான் இருந்தது. நான் மட்டும், நல்ல இடத்தை அத்தை பிடித்துக்கொண்டார் என்று அந்த லீவு முடியும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.