கமாண்டர் செத்தாளா, இருக்கிறாளா

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதரை உடன் வேலை செய்கிறவர்கள் கிரகம் என்று கூப்பிடுவார்கள். விண்வெளித் தொடர் பைத்தியம் என்பது முதல் காரணம். பேச ஆரம்பித்தால் வாயை மூடமாட்டார் என்பது இரண்டாவது. எந்தப் புதுத் தொடர் வந்தாலும் முதல் ஆளாகப் பார்த்து முதல் ஆளாகத் திட்டுவார். திட்டியதையே மறுபடி உட்கார்ந்து பார்ப்பார், சொல்லாமல் விட்ட குறை ஏதாவது இருக்குமோ என்று.

“ஒளிய விட வேகமா போறானுங்க. கப்பலுக்குள்ள ஒரு நல்ல லைட் போட வக்கில்ல,” என்பார். “யார் சுட்டா, யார் செத்தான்னு டார்ச் அடிச்சுதான் பாக்கணும்.”

அவர் குறையே சொல்லாத தொடர் ஒன்றுதான்: சின்ன வயதில் அக்காவோடு பார்த்த ‘விண்விளிம்பு’. அதில் கப்பலின் சுவர் வெறும் அட்டை. வேற்றுக்கிரகவாசியின் கழுத்துக்குப் பின்னால் ஜிப் தெரியும். இதை வேறு யாராவது சொல்லிக்காட்டினால் அன்றைக்கு அவர்கள் மாடிப்படி ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தத் தொடர் பாதியில் நின்றுபோனது. கடைசிக் காட்சியில், தன் ஆட்களைக் காப்பாற்ற, கமாண்டர் கப்பலை விட்டு வெளியே இறங்கிக் கதவைச் சாத்திவிடுகிறாள். அதோடு சேனல்காரன் கடையைக் கட்டிவிட்டான். அவள் செத்தாளா, பிழைத்தாளா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, இருவருக்கும் கல்யாணமாகி, முடி நரைத்த பிறகும் ஞாயிறு தவறாமல் போனில் நடக்கிறது.

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். “காத்தில்லாத இடத்துல மனுஷி எவ்வளவு நேரம்டா தாங்குவா? செத்துட்டா. விடு.”

“வெளியிலேருந்து திறக்க வழியில்லாம எவனும் கதவு செய்யமாட்டான்க்கா. எங்க லிஃப்டுக்கே சாவி இருக்கு. உள்ள வந்திருப்பா.”

இப்படியிருக்க, அதே நடிகையோடு, விட்ட இடத்திலிருந்தே ‘விண்விளிம்பு’ மறுபடி வந்தது. கிரகம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவரோ பார்க்கவே இல்லை. வேலை அதிகம் என்றார், கண் எரிகிறது என்றார்.

“தோத்துடுவோம்னு பயமா?” என்று கேட்டார் மனைவி.

“ஜெயிச்சாலும் அதே கதிதான். இது தீர்ந்துட்டா ஞாயித்துக்கிழமை அவகிட்ட என்ன பேசுறது? உடம்பு எப்படி இருக்கு, அங்க மழையான்னா?”

அக்காவும் பார்க்காமல்தான் இருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், ஒரு ஞாயிறு மதியம் பை நிறையப் பழத்தோடு நேரிலேயே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“போடுடா. எது வந்தாலும் வரட்டும்.”

கிரகம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கப்பல் வந்தது. இதிலும் இருட்டுதான், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. பழைய இசை தொடங்கியதுமே அக்கா தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. நரைத்த தலையோடு, அதே நிமிர்வோடு, கமாண்டர் நின்றாள்.

அக்கா ஓவென்று அழுதுவிட்டார். “இருக்காடா. பாவி, உயிரோட இருக்காடா.” தோற்றவர் முகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தம்பிக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அப்புறம்தான் விளக்கம் வந்தது: வந்தவள் இன்னொரு பிரபஞ்சத்துக் கமாண்டராம். கிரகம் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

“ஏமாத்து வேலை. இது அவ இல்ல.”

“அதே மூக்கு, அதே திமிரு. வேற யாராம்?”

“மூக்கு இருந்தா போதுமா? நமக்காகக் கதவச் சாத்திட்டுப் போனவ அவ. இவ வேற எங்கயோ சொகுசா இருந்தவ. நம்ம கமாண்டர் செத்துட்டாக்கா.”

“வாயக் கழுவு. நீ பாத்தியா?”

“காத்தில்லாத இடத்துல எவ்வளவு நேரம் தாங்குவா? நீதானே நர்ஸு.”

“நர்ஸுதான் சொல்றேன். நாங்க கைவிட்ட கேஸெல்லாம் எழுந்து உக்காந்து காபி கேட்டிருக்கு. பாத்துக்கிட்டே இரு, பழையவளும் வருவா.”

பழம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தார். “அண்ணி, செத்துட்டான்னு சொன்ன கட்சி நீங்கதானே?”

“நீ சும்மா இரு,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

திரையில் கமாண்டர் பாதி திறந்த வாயோடு காத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

“இதையெல்லாம் போன்ல பேசித் தீக்க முடியாது,” என்றார் அக்கா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி. “அடுத்த ஞாயிறும் நேர்லயே வரேன்.”

“வா, வா. வந்து தோத்துட்டுப் போ,” என்றார் கிரகம், முகமெல்லாம் பல்லாக.