பேட்டரி மாற்றும் நேரம்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்த இடம் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக், ஒன்பதாவது மாடி. யாருக்கு நடந்ததோ அந்த டானியலா, ஒரு சின்னப் பொய் சொன்னாலும் அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிற ஆள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அவள் கணவர் ஜூலியஸ் தூத்துக்குடிக்காரர். இங்கே கப்பல் பட்டறையில் பம்ப் மெக்கானிக். ஊரான் பம்பையெல்லாம் சரிபார்த்த மனிதருக்கு, பாருங்கள், தன் நெஞ்சுக்குள் இருந்த பம்ப் கைவிட்டுவிட்டது. இதயம் வீங்கித் தளர்ந்துபோனது. வேறு இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க, டாக்டர்கள் அதன் அடியில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தினார்கள். வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். இடுப்பில் ஒரு பெட்டி, தோளில் தொங்கும் பையில் இரண்டு பேட்டரி.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. இதயம் அமுக்கி அமுக்கித்தான் ரத்தத்தைத் தள்ளும். அதனால்தான் நமக்கு மணிக்கட்டில் நாடி துடிக்கிறது. அந்த மோட்டாரோ குழாய்த் தண்ணீர் மாதிரி நிற்காமல் ஒரே சீராகத் தள்ளும். ஆகவே ஜூலியஸுக்கு நாடியே கிடையாது. பேசுவார், சிரிப்பார், வடை கேட்டு அடம்பிடிப்பார். கையைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் துடிக்காது. நெஞ்சில் காதை வைத்தால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அவ்வளவுதான்.

டானியலாவால் தாங்க முடியாதது அதுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த நெஞ்சில் காது வைத்துத் தூங்கிப் பழகியவள் அவள்.

"அந்தச் சத்தம் இனிமே வரவே வராதாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது அடிக்கிற சத்தம் இல்ல டானி, கதவு சாத்துற சத்தம். உள்ள நாலு அறை. வலது பக்கம் ரத்தத்த நுரையீரலுக்கு அனுப்பும். சுத்தமாகி இடது பக்கம் வரும், அங்கேருந்து உடம்பு பூரா போகும். போனது திரும்பி வராம வால்வு மூடுது பாரு, அதான் லப், டப். புது இதயம் வரட்டும். ஒருநாள் உன்னக் கேக்க வைக்கிறேன் லா."

அந்த ஒருநாளை நம்பித்தான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் கடையிலிருந்து அவருக்குப் போன் போடுவாள். இருவரும் சேர்ந்து இறை இரக்கச் செபம் சொல்வார்கள். ஒரு வரி அவள், பதில் வரி அவர். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பேட்டரி மாற்றுவாள். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் மோட்டார் நின்றுவிடும். அதில் அவள் தவறியதே இல்லை.

அன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குப் போன் போட்டாள். "சொல்லு டானி" என்றார் ஜூலியஸ். அவள் ஆரம்பித்தாள். பதில் வரி வரவில்லை. 'ம்ம்ம்ம்' என்ற ரீங்காரம் மட்டும் போனில் கேட்டது. கண்ணசந்துவிட்டார் போலிருக்கிறது என்று, அவர் பங்கையும் அவளே சொல்லி முடித்தாள்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தாள். விளக்கு போடவில்லை. மின்விசிறி ஓடவில்லை. அந்தப் புழுக்கத்தில் ஜூலியஸ் ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். பக்கத்தில் டீ, ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"என்னங்க, இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"வந்துட்டியா."

அவர் குரல்தான். ஆனால் பக்கத்து அறையிலிருந்து வருவது போல...

"வீட்டுக்குப் போகணும் டானி."

"வீட்லதான இருக்கீங்க."

ம்ம்ம்ம்...

அவள் பேட்டரிகளை எடுத்து வந்து, நாற்காலி முதுகில் பை தொங்கிய பக்கமாக அவர் பின்னால் நின்றாள்.

"மாத்தாத," என்றார். "ஓடிக்கிட்டே இருக்கு டானி... விட மாட்டேங்குது."

"புது இதயம் வரப்போற நேரத்துல பேசற பேச்சா இது?" என்று அதட்டினாள்.

ஒரு பேட்டரி. கிளிக்.

அடுத்தது. கிளிக்.

நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

அவர் தோளைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள்.

"டானி..."

குரல் கேட்டது.

உதடு அசையவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து முகம் மாறினார். "அவருக்கு நாடி இருக்காது, எப்பவும் அப்படித்தான். சத்தம் கேளுங்க, ஓடுது" என்று கெஞ்சினாள் டானியலா. அவரைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். மடங்கிய முழங்கால் நீளவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிப் போனார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையசைத்தார். மோட்டாரை நிறுத்த வந்தவள், இத்தனை மாதமும் ஜூலியஸைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் முனீரா. டானியலா அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துறேன் அக்கா."

ம்ம்ம்... ம்ம்... ம்...

நிசப்தம்.

பிறகு...

லப்.

டப்.

ஒரே ஒரு தடவை.

டானியலா நிமிர்ந்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்த முனீரா, மோட்டார் நின்றுவிட்டதா என்று பெட்டியைத் திரும்பப் பார்த்தாள்.

கடைசியாக எப்போது பேசினார் என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு மணிக்கு என்றாள். அவர் விறைத்த முழங்காலை மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை முனீராதான் மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"உடம்பு இப்படி விறைச்சிருக்குன்னா, அவரு மத்தியானம் மூணு மணி வாக்குலயே போயிட்டாரு அக்கா. அதுக்கப்புறம் ரத்தத்த அந்த மோட்டார் மட்டும்தான் சுத்த விட்டிருக்கு."

இதயம் நின்றால் அலற வேண்டிய அந்த இடுப்புப் பெட்டியின் அலாரம் ஏன் அலறவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. கருவியைச் சோதித்தார்கள், ஒரு பழுதும் இல்லை.

டானியலா அதைப் பற்றியெல்லாம் கேட்கவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"போகணும்னு அவரு சொன்னாரே முனீரா. நான் பேட்டரிய மாத்தினேனே... அவருக்கு வலிச்சிருக்குமா?"

முனீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.