பேரை மட்டும் சொல்லுங்க

1. புக்கிங்

"பேரு சின்னப்பொண்ணு. கடன் வாங்கிட்டு ஏமாத்துற சின்னப்பொண்ணுன்னு எழுதிக்கம்மா. அங்க அப்படியே சொல்லித்தான் கூப்பிடணும்."

எண்பதுகளின் நடுவில், தர்மபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் டவுனில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி மேனேஜர். காசு கட்டிப் பேசுகிற ஆள், குரலில் அந்த அதிகாரம் இருந்தது.

ஆளுக்கொரு போனை சட்டைப் பையில் வைத்திருக்கும் இளையவர்களுக்கு பி.பி. கால் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்போது பல ஊர்களுக்கு மொத்தமாக ஒரே ஒரு போன்தான், அதுவும் போஸ்ட் ஆபீசில். குறிப்பிட்ட ஒரு ஆளோடு பேச வேண்டும் என்றால் எங்களிடம் பேரும் அடையாளமும் சொல்லி புக் செய்வார்கள். நாங்கள் அதை ஒரு டிக்கெட்டில் எழுதிக்கொண்டு அந்த ஊர் போஸ்ட்மாஸ்டரிடம் சொல்வோம். அவர் மெசஞ்சரை அனுப்புவார். மெசஞ்சர் தெருவோடு போய்க் கூவி ஆளை அழைத்து வருவார். நாங்கள் எதைச் சொல்கிறோமோ அதைத்தான் அந்த ஊர் முழுக்கக் கேட்கும்.

மேனேஜர் இதைத் தெரிந்து வைத்திருந்தார். அவருக்கு சின்னப்பொண்ணோடு பேசுவதைவிட, ஊர் கேட்கும்படி அவளைக் கூப்பிடுவதுதான் முக்கியம். அதற்கு என் வாயும் அந்த மெசஞ்சர் வாயும் அவருக்கு வேண்டியிருந்தது.

"அடையாளம்தான் சார் கேட்டேன். என்ன வேலை செய்யறாங்க, எந்தத் தெருன்னு சொல்லுங்க."

"அதான்மா அடையாளம். கடன்காரி."

"அது அடையாளம் இல்லீங்க. பேரை மட்டும் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏனென்றால் அந்தப் பேருக்கு வந்த முதல் புக்கிங் அது இல்லை.

2. நான்கு நாளைக்கு முன்னால்

நான்கு நாளைக்கு முன்னால் இதே மேனேஜர் இதே ஊருக்கு ஒரு பி.பி. கால் போட்டிருந்தார். அப்போது மரியாதையாகத்தான் சொன்னார்: சின்னப்பொண்ணு, கணவர் பெயர் முனியப்பன். சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர் அது. ஊர்ப் பேரை எழுத மாட்டேன். அவள் பேரும் சின்னப்பொண்ணு இல்லை, நான் வைத்த பேர். புக்கிங் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் பின்னால் நடந்த விசாரணையில் வெளியே வந்த விவரங்கள். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் நிதானமான மனிதர். மெசஞ்சரை அனுப்பவில்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, விவரம் தப்பா இருக்குதே. சின்னப்பொண்ணு இருக்குது, பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குது. ஆனா முனியப்பன் அதுக்குக் கூடப் பொறந்த அண்ணன்மா. வூட்டுக்காரரு செத்து ஏழெட்டு வருசம் ஆச்சு, அண்ணன் வூட்டுலதான் இருக்குது. இந்த மாதிரி நான் எப்படிம்மா கூவச் சொல்றது?"

மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். "நீங்க சொன்ன அடையாளத்துல ஆள் இல்லீங்க. முனியப்பன் அவங்க அண்ணனாம். வேற ஆளா இருக்கும், விசாரிச்சுட்டு புக் பண்ணுங்க." அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

டிக்கெட்டில் எழுதினேன்: அடையாளம் பொருந்தவில்லை, முனியப்பன் அண்ணன் என்று ரிப்போர்ட், புக் செய்தவருக்குத் தெரிவிக்கப்பட்டது. நேரம் போட்டுச் சுருக்கக் கையெழுத்து வைத்தேன். இது என் வழக்கம். மற்ற ஆபரேட்டர்கள் 'ஆள் இல்லை' என்று இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். என்னைப் பார்த்து, "இவ டிக்கெட்ல நாவல் எழுதுவா" என்று கிண்டல் செய்வார்கள்.

ஆக, ஆள் தப்பு என்று தெரிந்த பிறகுதான் அந்த மனிதர் 'கடன்காரி' என்று புக் செய்ய வந்தார். கணவர் பேரைக் காணோம். கணவர் பேர் இருந்த இடத்தில் வசவு வந்து உட்கார்ந்திருந்தது.

3. சூப்பர்வைசர்

நான் மறுத்ததற்கு மறுநாள் மேனேஜர் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து சூப்பர்வைசர் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் எனக்கு அழைப்பு.

"பார்ட்டி என்ன சொல்றாரோ அதைச் சொல்லும்மா. உனக்கென்ன? காசு அவரு கட்டறாரு."

"காசு பேசறதுக்கு சார், வையறதுக்கு இல்ல. வைய வேணும்னா லைன் கெடச்ச பிறகு அவரே வையட்டும்."

"ரூல் பேசாத."

"அப்படின்னா, பார்ட்டி திட்டினா திட்டின மாதிரியே சொல்லணும்னு எழுத்துல ஒரு ஆர்டர் குடுங்க சார். சொல்றேன்."

எழுத்தில் தர மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்கிறவர்கள் பாதிப் பேர் எழுதச் சொன்னால் பின்வாங்கிவிடுவார்கள். நாற்பது வருஷ வேலையில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான். இன்று கால் சென்டரில் உட்கார்ந்து பேசும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் மேலாளர் அசிங்கமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் சண்டை போட வேண்டாம். எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லா ஷிப்டிலும் நானே உட்கார முடியாதே. அந்த வாரமே என் லீவு நாளில் மேனேஜர் மறுபடி புக் செய்தார். போர்டில் இருந்தவர் சொன்னதைச் சொன்னபடி அனுப்பினார். போஸ்ட்மாஸ்டரும் அன்று ஊரில் இல்லை. மெசஞ்சர் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது வாசலில் நின்று கூவியிருக்கிறார். "கடன் வாங்கிட்டு ஏமாத்துற சின்னப்பொண்ணுக்கு போன்."

4. கவுன்ட்டர்

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் பஸ் ஏறி தர்மபுரிக்கு வந்து எங்கள் கவுன்ட்டரில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"என்னைய அப்படிக் கூப்புடச் சொன்ன பொம்பள எவ? அவளைப் பாக்கணும்."

போர்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான்தான் எழுந்து போனேன். நான் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. கூவ அனுப்பிய குரல் எங்கள் எக்ஸ்சேஞ்சின் குரல். அதற்குத் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும்.

திட்டி முடித்த பிறகு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். மொபெட் ஒன்றைத் தவணைக்கு வாங்கிவிட்டு அவள் பணம் கட்டவில்லையாம். ஃபைனான்ஸ்காரர்கள் ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா. மொபெட்ட வச்சு நான் என்னா பண்ணுவேன், அதுல சோறா ஆக்குவேன்?"

"உங்க பேர்ல எப்படி வாங்கியிருப்பாங்க?"

"போன வருசம் ஒருத்தன் வந்தான். தையல் மெஷின் தவணைக்குத் தர்றோம்னு பத்துப் பொம்பளைங்க கிட்ட ரேசன் கார்டு வாங்கிட்டுப் போனான். ஒரு வாரம் கழிச்சு, உங்களுக்கெல்லாம் கெடைக்காதுன்னு கார்ட திருப்பிக் குடுத்துட்டான்."

"கார்டு உங்க பேர்லயா?"

"எங்கண்ணன் பேர்ல. அவருதான் குடும்பத் தலைவரு. அதுக்குக் கீழ எம்பேரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவனோ ஒருவன் ரேஷன் கார்டைப் பார்த்துக் கடன் பத்திரம் எழுதியிருக்கிறான். மேலே முனியப்பன், கீழே சின்னப்பொண்ணு. தலைவரை அவனே கணவராக்கிவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. கவுன்ட்டர் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். லைனில் வருவது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று. ஒருவர் விஷயத்தை ஊர் கேட்கச் சொல்லக் கூடாது என்றுதான் நான் மேனேஜரிடமும் முரண்டு பிடித்தேன். இப்போது அதே தாள் இவளுக்கும் எனக்கும் நடுவில் நின்றது. மேனேஜர் என்ன சொல்லி புக் செய்தார் என்று இவளிடம் சொன்னால், நாளைக்கு இவளைப் பற்றிக் கேட்டு வருகிறவனிடமும் சொல்லத்தான் வேண்டும்.

"மொதல்ல ஒரு நாளு போன் வந்துச்சுன்னு போஸ்ட்மாஸ்டரு சொன்னாரு. என்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லக் கூடாதுங்க. ஆனா பி.டி.ஓ.வுக்கு விளக்கம் எழுதறீங்க இல்ல, அதுல கடைசியில ஒரு வரி சேருங்க. என்னென்ன தேதியில, என்னென்ன அடையாளம் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்கன்னு டெலிபோன் ஆபீசுல எழுத்து மூலமா கேட்டு வாங்குங்கன்னு."

"அத கேட்டா என்னாகும்?"

"அதையும் நான் சொல்லக் கூடாது. சேருங்க."

நான் சொன்னது விதிக்குள் வருமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டவர்களிடம் வரும் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

5. பதில் கடிதம்

அவள் அந்த வரியைச் சேர்த்திருந்தாள். பி.டி.ஓ.விடமிருந்து கடிதம் வந்தது. சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, பழைய டிக்கெட்டுகள் கைவசம் இல்லை என்று பதிலை டைப் செய்யச் சொன்னார்.

"பில் செக்ஷன்ல இருக்குது சார். அந்த மாச பில்லே இன்னும் போகல."

"உன்னைக் கேட்டனா?"

"இல்லன்னு நீங்க எழுதினா, இருக்குதுன்னு நான் தனியா இன்ஜினீயருக்கு எழுதுவேன் சார்."

"அந்தப் பொம்பள உனக்கு சொந்தமா? இன்னா வந்துச்சு உனக்கு?"

"சொந்தம் இல்ல. பேரு கூட புக்கிங் வந்தப்பத்தான் தெரியும்."

"டூட்டி நேரத்துல போர்டை விட்டுக் கவுன்ட்டர்ல கதை பேசினதுக்கு மெமோ தருவேன்."

"குடுங்க சார்."

கொடுத்தார். அதற்கு அந்த வருஷம் என் இன்கிரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பி.டி.ஓ. கடிதம் எங்கள் மேலதிகாரியான இன்ஜினீயரிடம் போனது. அவர் படித்தார், கேட்பது அரசு அதிகாரி, எழுத்தில் கேட்கிறார், கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டார். டிக்கெட் நகல்கள் சீல் வைத்த கவரில் பி.டி.ஓ.வுக்குப் போயின.

விசாரணையில் நடந்தது சின்னப்பொண்ணு சொல்லித் தெரிந்தது. கடன் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கணவர் பெயர் முனியப்பன். பக்கத்தில் முனியப்பனே நிற்கிறார், தங்கையோடு துணைக்கு வந்திருந்தார்.

"எந்தப் பொம்பளைய்யா அண்ணன் பேரைப் புருஷன்னு எழுத வச்சுக் கைநாட்டு வைப்பா?" என்று பி.டி.ஓ. கேட்டாராம்.

கிளார்க் தப்பாக எழுதிவிட்டான் என்றார் மேனேஜர். பி.டி.ஓ. முதல் டிக்கெட்டைத் திருப்பிப் போட்டார். "மொத நாளே உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்காங்க. தெரிஞ்ச பிறகும் பள்ளிக்கூட வாசல்ல ஏன்யா கூவ வச்சீங்க?" ஃபைனான்ஸ்காரர்கள் கடிதத்தை வாபஸ் வாங்கினார்கள். கார்டு வாங்கிப் போனவன் அகப்படவில்லை. அந்த மொபெட்டை யார் ஓட்டினார்கள் என்றும் தெரியவில்லை. அவள் வேலை தப்பியது.

6. ஒரு கால்

அடுத்த வாரம் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த மலையடிவார ஊர் போஸ்ட் ஆபீஸ். பேசியது சின்னப்பொண்ணு.

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான இருந்துச்சு? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் தூங்காம கெடந்திருக்க மாட்டேன்."

"தெரியும். சொல்ல முடியல. கோவம்தானே, இருக்கட்டும்."

"இருக்குது. இப்ப ஒரு பி.பி. கால் போடுங்க. தருமபுரி ஃபைனான்சுக்கு. திருட்டு மேனேஜருன்னு எழுதிக்கங்க. கூட வேலை செய்யறவங்க காதுல விழற மாதிரி அப்படியே சொல்லிக் கூப்புடுங்க."

எனக்கும் ஆசைதான். பென்சிலை எடுத்து டிக்கெட்டில் ஊர்ப் பேரை மட்டும் எழுதினேன்.

"பேரை மட்டும் சொல்லுங்க."

அவள் கேட்டாள்.

"அவனுக்கும் அதேதானா?"

"அவருக்கும் அதேதான்."

"சரி. பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க கேக்கக் கூடாது."

மேனேஜர் லைனுக்கு வந்தார். இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கான கீயை மூடினேன். மூன்று நிமிஷம் ஆனதும் நீட்டிக்கலாமா என்று கேட்க வேண்டும், அதற்காகக் கீயைத் திறந்தேன். மேனேஜர்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் தெளிவாக விழுந்தது. "நீட்டுங்க" என்றாள் அவள். நீட்டினேன்.

அவர் சொன்னது என்ன என்று என் பிள்ளைகள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சொன்னால் யாரும் மெமோ தரப் போவதில்லை. சொல்ல மாட்டேன்.